மாகாண சபைத் தேர்தலுக்குத் திருகோணமலை வாக்காளர் இப்போதே ஆயத்தமாவது எப்படி

கிழக்கு மாகாண சபையில் திருகோணமலை மாவட்டத்துக்கு 10 ஆசனங்கள். 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி நடந்த கடைசித் தேர்தலில் அந்தப் பத்தாவது ஆசனம் எவருக்குப் போவது என்பதை 400க்கும் குறைந்த வாக்குகளே தீர்மானித்தன. கணக்கைக் கீழே போட்டுக் காட்டியிருக்கிறோம். வாக்காளர் இடாப்பில் விடுபட்ட பெயர்களும் செல்லுபடியாகாமல் போன சீட்டுகளும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் வந்துவிடும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பிரசாரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லை, இடாப்பு, கணக்கு, சீட்டு ஆகியவற்றைப் பற்றியே எழுதுகிறோம். தேர்தல் திகதி அறிவித்த பிறகு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஓடிப் பயனில்லை. அப்போது நடைமுறையில் உள்ள அத்தாட்சிப்படுத்திய இடாப்பை வைத்துத்தான் தேர்தல் நடக்கும். புதிதாகப் பெயர் ஏறாது.

எந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள்

ஒரே வீடு பல எல்லைகளுக்குள் ஒரே நேரத்தில் கிடக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பிழையான அலுவலகத்துக்குப் போய், பிழையான படிவத்தை நிரப்பிவிட்டு வருவீர்கள்.

மாகாண சபைத் தேர்தலில் நிர்வாக மாவட்டமே தேர்தல் மாவட்டம். நாடாளுமன்றத் தேர்தலில் அப்படியல்ல. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து அங்கே வன்னி என்ற ஒரே தேர்தல் மாவட்டம். மாகாண சபைக்கு அவை தனித்தனி. அம்பாறை நாடாளுமன்றத் தேர்தலில் திகாமடுல்லை என்ற பெயரில் வரும். திருகோணமலையில் இரண்டுக்கும் எல்லை ஒன்றே என்பதால் இந்த வித்தியாசம் இங்கே உறைப்பதில்லை. கிழக்கில் மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, நமக்கு 10, ஆக 35. மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு 2 போனஸ் ஆசனம். மொத்தம் 37.

அந்த 35 எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. 40,000 பேருக்கு ஓர் உறுப்பினர், 1,000 சதுர கிலோமீற்றருக்கு ஓர் உறுப்பினர் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கிழக்குக்கு நிலத்துக்காக மட்டும் 10 கிடைக்கிறது.

மாவட்டத்துக்குள் மூன்று தேர்தல் தொகுதிகள்: சேருவில, திருகோணமலை, மூதூர். இந்த மூன்றும் இப்போதைக்கு இடாப்பு வைத்திருப்பதற்கும் முடிவை வெளியிடுவதற்கும்தான்; தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்ற முறை நாடாளுமன்றத்தில் 1977 தேர்தலோடு முடிந்துவிட்டது. சேருவில தொகுதியே 1976 எல்லை நிர்ணயத்தில் பிறந்ததுதான். அதற்கு முன் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. இந்தத் தகவலை நினைவில் வைத்திருங்கள். எல்லை நிர்ணயத்துக்கு முறைப்பாடு எழுதும்போது கைகொடுக்கும்.

நிர்வாகத்துக்குப் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள்: குச்சவெளி, பதவிசிறிபுர, கோமரங்கடவல, மொறவெவ, பட்டினமும் சூழலும், தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய், மூதூர், சேருவில, வெருகல். கிண்ணியாவில் இருப்பவரின் பிரதேச செயலகம் கிண்ணியா, ஆனால் தொகுதி மூதூர். கந்தளாயில் இருப்பவருக்குத் தொகுதி சேருவில. இதற்கும் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவு. உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டும் வட்டாரம். 2025 மே 6ஆம் திகதி நீங்கள் வாக்களித்தது வட்டார அடிப்படையில். அந்த வட்டார இலக்கத்தை மாகாண சபை விடயத்தில் எங்கும் எழுதாதீர்கள்.

இன்னொரு சொல்லும் ஆட்களைத் தடுமாற வைக்கும். இடாப்பின் தலைப்பில் ‘வாக்கெடுப்பு மாவட்டம்’ என்று ஓர் இலக்கம் இருக்கும். அது தேர்தல் மாவட்டம் அல்ல. உங்கள் வாக்களிப்பு நிலையத்தைச் சுற்றியுள்ள சிறு பகுதி. படிவங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

இடாப்பில் பெயர் இருக்கிறதா

வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. தகுதி பார்க்கும் நாள் பெப்ரவரி 1. அன்று 18 வயது நிறைந்த, இலங்கைப் பிரஜையான, அந்த முகவரியில் வழமையாக வசிக்கும் ஒருவருக்குப் பெயர் சேர்க்கும் உரிமை உண்டு. அதன் பிறகு ஆண்டுக்குள் 18 நிறைவோருக்குத் துணை இடாப்பு இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவையுங்கள். அடுத்த பெப்ரவரி வரும்தானே என்று விட்டால், இடையில் வரும் தேர்தல் கைநழுவிப் போகும்.

முதலில் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். மாவட்டம், தொகுதி, வாக்கெடுப்பு மாவட்டம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, வீதி அல்லது கிராமம், வீட்டிலக்கம், தொடரிலக்கம் ஆகியவை வரும். தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கடிதம் எழுதும்போது இவை அத்தனையும் தேவைப்படும்.

“தகவல் இல்லை” என்று வந்தால் உடனே பதறவேண்டாம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்து ‘வீ’யும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். இடாப்பில் ஒரு வடிவம் ஏறியிருக்க, நீங்கள் மற்றதைப் போட்டுத் தேடியிருக்கலாம். பழையதைப் புதியதாக்குவது சுலபம்: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களை அப்படியே எழுதுங்கள், அடுத்து ஒரு 0, பிறகு மீதி நான்கு எண்கள், எழுத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வடிவத்திலும் தேடி இரண்டிலும் இல்லை என்றால்தான் பெயர் விடுபட்டிருக்கிறது என்று எடுக்கலாம். அப்போதும் ஒருமுறை கிராம உத்தியோகத்தர் கையில் உள்ள அச்சுப் பிரதியைப் பார்த்துவிடுங்கள். இலக்கம் ஓர் எண் மாறித் தட்டச்சாகியிருந்தால் இணையத்தில் காட்டாது, கடதாசியில் பெயர் நிற்கும்.

பெயர் விடுபடும் வழிகள் பெரும்பாலும் தெரிந்தவையே. கல்யாணம் கட்டிப் போன பெண்ணின் பெயரைப் பெற்றோர் வீட்டில் வெட்டிவிடுவார்கள். புகுந்த வீட்டில் சேர்க்க எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நகரத்தில் ஒரே வீட்டிலக்கத்தில் முன்பக்கம் உரிமையாளர், பின்பக்கம் வாடகைக் குடும்பம். படிவத்தை உரிமையாளர் நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார், வாடகைக் குடும்பம் அதில் இராது. வாடகைக்கு இருந்தாலும் வழமையாக வசிக்கும் இடம் அதுவே என்றால் பெயர் சேர்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உரிமையாளரின் தயவு தேவையில்லை. தனிக் குடித்தனம் என்று காட்டித் தனிப் படிவம் கேளுங்கள்.

மூதூர் கிழக்கில் 2006இல் இடம்பெயர்ந்து, சம்பூர்ப் பக்கம் திரும்பிக் குடியேறிய குடும்பங்கள் கட்டாயம் ஆளுக்கு ஆள் சரிபார்க்க வேண்டும். முகாம் இருந்த கிளிவெட்டி முகவரியில் ஒருவர் பெயரும், சொந்தக் காணியில் மற்றவர் பெயரும் நின்றால் ஒரே வீட்டார் இரு நிலையங்களுக்கு அலைய நேரும். குச்சவெளி, புல்மோட்டைக் கரையில் பருவத்துக்கு வாடி அடித்துத் தொழில் செய்வோர் வாடி முகவரியில் பதியக் கூடாது. நிலையான வீடு எங்கேயோ பதிவும் அங்கே. கொழும்பில் வேலைக்கு நிற்பவர்களும் இரு இடத்திலும் பதியக்கூடாது. வெளிநாட்டில் உள்ளவருக்கு அங்கிருந்து வாக்களிக்கும் வசதி இல்லை. வந்து நேரில் போட வேண்டும்.

ஆண்டுத் திருத்தத்தில் கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், அல்லது மாற்றம் உண்டா என்று விசாரிப்பார். அதற்குரியது ‘பீ.சீ.’ படிவம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். முதலெழுத்து விடுபடுவதும், ‘முகம்மது’, ‘முஹம்மத்’ என்று மாறுவதும், ‘லெட்சுமி’, ‘லட்சுமி’ என்று எழுதுவதும் சிறு விடயமாகத் தோன்றும். வாக்களிப்பு நிலையத்தில் முகவர் ஆட்சேபித்தால் அதுவே வரிசையை நிறுத்தும். இறந்தவரின் பெயரை வெட்டச் சொல்லவும் தயங்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. அந்தப் பெயரில் வேறொருவர் வாக்குப் போடாமல் காப்பது.

கணக்கெடுப்பு முடிந்ததும் சேர்க்கப்படும் பெயர்களின் பட்டியலும் நீக்கப்படும் பெயர்களின் பட்டியலும் பிரதேச செயலகம், உள்ளூராட்சி மன்றம், கிராம உத்தியோகத்தர் அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். எல்லோரும் சேர்க்கும் பட்டியலில் தன் பெயரைத் தேடுகிறார்கள். நீக்கும் பட்டியலை எவரும் புரட்டுவதில்லை. நாங்கள் சொல்வது, நீக்கும் பட்டியலை முதலில் பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருந்தால் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, அந்த முகவரியில் வந்த மின்சார அல்லது நீர்ப் பட்டியல், வாடகை என்றால் ஒப்பந்தப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத்தபால். விசாரணைக்கு அழைத்தால் மூலப் பத்திரங்களோடு போங்கள். போகாவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகும்.

பிழையாக ஏறிய பெயருக்கு எதிராக ஆட்சேபனை கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. மூன்று சமூகமும் கலந்து வாழும் மாவட்டத்தில் இதை மிகுந்த பொறுப்போடு கையாள வேண்டும். ஆள் அங்கே இல்லை என்று நேரடியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். அயல் கிராமத்துப் பட்டியலை மொத்தமாக ஆட்சேபிப்பது ஊருக்கு ஊர் பகையை வளர்க்கும். விசாரணையில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிச் சான்று கேட்பார்கள்.

சட்டம் இப்போது எங்கே சிக்கி நிற்கிறது

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தம், 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டுப் பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. வேட்பாளர் பட்டியலில் கால் பங்கு பெண்கள் என்பதையும் அதுவே சேர்த்தது. கலப்பு முறைக்குப் புதிய தொகுதிகள் வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழு 222 தொகுதிகளை வரைந்து அறிக்கை கொடுத்தது. 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்துக்குள் தரவேண்டிய அறிக்கையைத் தரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய தொகுதி நிறைவேறவில்லை. இரண்டுக்கும் நடுவே தேர்தல் நின்றுபோயிற்று.

முடிச்சு அவிழ இரண்டு வழிதான். ஒன்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பழைய முறைக்குத் திரும்புவது. மற்றது, எல்லைகளை முடித்துப் புதிய முறையில் போவது. வாக்காளர் இரண்டுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்; ஏனென்றால் சீட்டில் புள்ளடி இடும் விதமே மாறும்.

எல்லை நிர்ணயக் குழுவுக்கு எழுதுவது

இரண்டாவது வழி வந்தால் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அப்போது எழுதும் நல்ல கடிதம் ஒரு கட்சியின் நூறு கூட்டங்களைவிடப் பெறுமதியானது. 10 ஆசனங்களில் பாதி என்று எடுத்தால் மாவட்டத்துக்கு 5 தொகுதிகள். 2024இல் மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 3 இலட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். ஆக ஒரு தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ 63,000 வாக்காளர். உங்கள் முன்மொழிவு இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

அடிப்படை அலகு கிராம உத்தியோகத்தர் பிரிவு. மாவட்டத்தில் 230 பிரிவுகள் உண்டு. நீங்கள் கேட்கும் தொகுதியில் வரும் பிரிவுகளின் இலக்கம், பெயர், ஒவ்வொன்றிலும் உள்ள வாக்காளர் தொகை ஆகியவற்றை அட்டவணையாகக் கொடுங்கள். ஒரு பிரிவை நடுவே வெட்டாதீர்கள். வெட்டினால் அந்த ஒரு காரணத்துக்காகவே முன்மொழிவு ஒதுக்கப்படலாம்.

நிலத்தை வரைபடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். வரைபடத்தில் கொட்டியாரக் குடாவின் இரு கரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். தரைவழியில் கிண்ணியாப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு வீதியில் சுற்றித்தான் மூதூர் போக வேண்டும். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை கரையோரமாக 100 கிலோமீற்றருக்கு மேல் நீளம். அகலமோ இடத்துக்கிடம் மாறும். மகாவலியின் கிளைகள் மாரியில் பெருகினால் அயல் கிராமங்களே தொடர்பற்றுப் போகும். எந்தப் பிரிவு மக்கள் எந்தச் சந்தைக்கு, எந்த வைத்தியசாலைக்கு, எந்தப் பேருந்தில் போகிறார்கள் என்று ஒரு பந்தி எழுதினால் அதை எல்லை வரைபவர்கள் படிப்பார்கள். அந்தத் தகவல் அவர்களிடம் இருப்பதில்லை.

பெரும்பாலான மனுக்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “எங்கள் சமூகத்துக்கு ஒரு தொகுதி வேண்டும்” என்று உணர்ச்சியோடு எழுதி, எண்ணிக்கை ஒன்றும் கொடாமல் விடுவது. கலப்பாக வாழும் இடத்தில் ஒற்றை அங்கத்தவர் தொகுதி வரைந்தால் தோற்கும் சமூகம் முழுவதுமாக வெளியே நிற்கும். அத்தகைய இடத்துக்குப் பல அங்கத்தவர் தொகுதி கேளுங்கள். மூதூர் 1977 வரை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்து, தமிழரும் முஸ்லிமும் ஒருசேர நாடாளுமன்றம் போனார்கள். இந்த மாவட்டத்திலேயே நடந்து காட்டிய முன்னுதாரணம் அது. அயலூர்ப் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் விகாரையும் சேர்ந்து ஒரே மனுவில் கையொப்பமிட்டால் அதை ஒதுக்குவது எவருக்கும் கடினம்.

ஆசனம் பிரியும் கணக்கு

பழைய முறையில் கணக்கு இப்படி. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளை 10ஆல் பிரிக்க வேண்டும். வருவது ஓர் ஆசனத்தின் விலை. கட்சியின் வாக்கில் அந்த விலை எத்தனை முழுத்தடவை அடங்குகிறதோ அத்தனை ஆசனம். மீதமுள்ள ஆசனங்கள், மிச்ச வாக்கு கூடியவருக்கு முதலில் என்ற வரிசையில் போகும்.

2012 திருகோணமலை முடிவை நூறுக்குக் கிட்டவாக முழுமையாக்கிப் போட்டுப் பாருங்கள். செல்லுபடியானவை ஏறத்தாழ 1,52,600. ஆசன விலை 15,260.

இலங்கைத் தமிழரசுக் கட்சி 44,400: முழு ஆசனம் 2, மிச்சம் 13,880.
ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 43,300: முழு ஆசனம் 2, மிச்சம் 12,780.
முஸ்லிம் காங்கிரஸ் 26,200: முழு ஆசனம் 1, மிச்சம் 10,940.
ஐக்கிய தேசியக் கட்சி 24,400: முழு ஆசனம் 1, மிச்சம் 9,140.
தேசிய சுதந்திர முன்னணி 9,500: முழு ஆசனம் இல்லை, மிச்சம் 9,500.

ஆறு ஆசனம் போயிற்று, நான்கு மீதி. மிச்ச வரிசையில் தமிழரசுக்கு ஒன்று, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. கடைசி ஒன்றுக்கு 9,500உம் 9,140உம் மோதின. 9,500 வென்றது. முடிவு 3, 3, 2, 1, 1.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் 5 சதவீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்கைக் கழித்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். முதலில் வந்த கட்சிக்கு மாவட்டத்திலேயே ஒரு போனஸும் போகும். அந்தப் பழக்கத்தில் மேலுள்ள கணக்கிலும் சிறு கட்சிகளின் 4,800 வாக்கைக் கழித்துப் பாருங்கள். ஆசன விலை 14,780 ஆகும். தமிழரசு மூன்றையும் முழுதாக எடுத்துக்கொள்ளும். கடைசி ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் 3, 3, 2, 2 என்று முடியும். நடந்தது அதுவல்ல. மாகாண சபைக் கணக்கில் அந்த வெட்டு இல்லை. பிழையான சூத்திரத்தை வைத்து வீட்டிலிருந்து ஆசனம் எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான்.

மாகாண அளவில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் அன்று ஏறத்தாழ 6,000 வாக்கு வித்தியாசம். அதனால் 12 ஆசனம் பெற்றவர் போனஸ் இரண்டோடு 14 ஆனார். 11 பெற்றவர் 11இலேயே நின்றார்.

புதிய கலப்பு முறை வந்தால் தொகுதியில் வென்றவர் நேரே உள்ளே போவார். பிறகு மாவட்டத்தில் கட்சிக்கு உரிய பங்கைக் கணக்கிட்டு, அதில் தொகுதியில் வென்ற எண்ணிக்கையைக் கழித்து, மிகுதியைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள். உள்ளூராட்சித் தேர்தலில் பார்த்த அதே வழி.

சீட்டும் புள்ளடியும்

பழைய முறை என்றால் சீட்டில் இரண்டு வேலை. மேலே கட்சியின் அல்லது குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரே ஒரு புள்ளடி. கீழே வேட்பாளர்களுக்குரிய விருப்பு இலக்கங்கள். திருகோணமலையில் ஒரு பட்டியலுக்கு 13 வேட்பாளர் என்பதால் 1 முதல் 13 வரை. அதில் மூன்று வரை புள்ளடி இடலாம். ஒன்றோடு நிறுத்தலாம், இடாமலும் விடலாம்.

பிழை நடக்கும் இடங்கள்: இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் சீட்டு முழுவதும் போயிற்று. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் போயிற்று. மூன்றுக்கு மேல் இலக்கம் குறித்தால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு மட்டும் கெடும். பெயர், கையொப்பம் அல்லது உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதினால் நிராகரிப்பார்கள். இன்னொன்று: விருப்பு இலக்கம் 7 என்று வேட்பாளர் சுவரொட்டியில் போட்டிருப்பார், அடுத்த கட்சியிலும் 7 உண்டு. நீங்கள் சின்னம் போட்ட கட்சியின் 7ஆம் ஆளுக்கே அது சேரும். வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் சின்னம், பிறகு இலக்கம் என்று இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். புதிய முறையில் விருப்பு இலக்கமே இல்லை. ஒரே ஒரு புள்ளடி, வேலை முடிந்தது.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இட்ட பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

வாக்களிப்பு நாள்

2024, 2025 தேர்தல்களில் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம்; வீட்டுக்கு வராவிட்டால் உங்கள் விநியோகத் தபாலகத்தில் அடையாளம் காட்டிப் பெறலாம். அடையாளப் பத்திரம் இல்லாமல் மட்டும் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்குரிய அடையாள அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். ஒன்றும் இல்லாதவருக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை வழங்கும். கிராம உத்தியோகத்தரிடம் புகைப்படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்குச் சில நாள் முந்தியே அந்த வாசல் மூடிவிடும். கடல் தொழிலில் நனைந்து எழுத்து அழிந்த அட்டையை வைத்திருப்போர் இப்போதே புதியதுக்கு விண்ணப்பியுங்கள்.

கண் தெரியாதவரும் கை வழங்காதவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை உதவியாளராகக் கூட்டிப் போகலாம். அதற்குரிய சான்றை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர் மூலமும் வைத்தியர் மூலமும் பெற வேண்டும். உதவியாளர் வேட்பாளராகவோ முகவராகவோ இருக்கக்கூடாது. சான்று இல்லாமல் வந்தாலும் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர், இன்னொரு அலுவலர் முன்னிலையில் அவர் சொல்கிறபடி குறித்துக் கொடுப்பார். அரச ஊழியரின் தபால்மூல வாக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால் நிலையத்தில் போட முடியாது. விண்ணப்பத்தில் இடாப்பின் தொடரிலக்கத்தைப் பிழையாக எழுதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். முன்னர் படம்பிடித்து வைத்த பக்கம் அப்போது உதவும்.

சுயேச்சையாக இறங்க நினைப்போருக்கு

பட்டியலில் பெயர் தொகை சரியாக இருக்க வேண்டும். பழைய முறையில் ஆசனத் தொகையோடு 3 கூட்டி, 13. ஒன்று குறைந்தாலும் முழுப் பட்டியலும் தள்ளுபடி. வேட்புமனு ஏற்கும் கடைசி நாளில் நண்பகல் 12 மணிக்குக் கதவு மூடும். அதன்பின் ஒன்றரை மணி வரை ஆட்சேபனை. பத்தே முக்காலுக்குக் கச்சேரி வாசலில் நின்று சத்தியக்கடதாசி தேடுவோர் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. ஒவ்வொரு வேட்பாளரின் சம்மதம், சத்தியக்கடதாசி, கையொப்பம் ஆகியவற்றை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்து, இரண்டு நாள் முந்தியே கட்டி வையுங்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழின் பிரதி உரியபடி அத்தாட்சிப்படுத்தப்படாததால் நாடு முழுவதும் பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, சில நீதிமன்றம் போய்த்தான் திரும்பின. நிழற்பிரதியை நம்பாமல் அத்தாட்சிப்படுத்திய பிரதியே எடுங்கள்.

செலவுக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். துண்டுப்பிரசுரம் அடித்த அச்சகப் பற்றுச்சீட்டிலிருந்து முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த எரிபொருள் வரை, நாளும் தொகையும் கொடுத்தவர் பெயரும் சேர்த்து ஒரே கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுகளை அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.